பார்வையில் குறையில்லை

மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் இரண்டும் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் அவள். பிள்ளைகளுக்கென்று அளவெடுத்துச் செய்த பெஞ்சு. வளர்ந்தவர்கள் உட்கார்ந்தால் தண்டனை வாங்கியவர்கள் மாதிரிதான் தெரிவார்கள். தலைமையாசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வர அரை மணி ஆகும், வேண்டுமானால் உள்ளே வந்து உட்காருங்கள் என்று வகுப்பு ஆசிரியைதான் கூப்பிட்டார். பிள்ளையை இந்தப் பள்ளியிலிருந்து விடுவிக்க மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறாள், அவளையே வகுப்புக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடம் என்றால் பெற்றோரை வாசலோடு நிறுத்தும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கிலும் இது தேறவில்லை.

போன மாதம் அந்த வட்டாரத்து ஆரம்பப் பள்ளிகள் நாற்பத்தொன்றையும் மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வந்தது. கீழிருந்து படித்திருந்தால் இரண்டாவது வரியிலேயே வேலை முடிந்திருக்கும். அவள் பெரிய மனசு பண்ணி மேலிருந்து படித்தாள். பத்துக்குள் இருக்காது, தெரியும். இருபதுக்குள்? முப்பதுக்குள்? விரல் இறங்கிக்கொண்டே போனது. நாற்பதாவது பெயரில் விரல் நின்றபோது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டுவிட்டாள்.

அதே பட்டியலில் மூன்றாவதாக இருந்த பள்ளி நாத்தனார் வீட்டுக்கு அடுத்த தெரு. ஆனால் அந்தப் பகுதியில் குடியிருக்கிற பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். இங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஆகவே திங்களிலிருந்து வெள்ளிவரை பிள்ளை அத்தை வீட்டில், சனியும் ஞாயிறும் மட்டும் இங்கே. எட்டு வயது. இன்னும் தூக்கத்தில் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு படுக்கிற பிள்ளை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பள்ளிக்குச் சேர்க்கைப் படிவம் போய்ச் சேர வேண்டும். இன்று திங்கள்.

கணவர் குழாய் வேலை செய்பவர். படிவத்தைப் பார்த்துவிட்டு, "நானும் இப்படி ஒரு பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்" என்றார்.

"அதனாலதாங்க சொல்றேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "என் புள்ளைய விருந்தாளி மாதிரி வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்கணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவளும் அன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு வந்து தன் கையெழுத்தைப் போட்டாள்.

பிள்ளையை வீட்டில் மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். உருவம் அத்தனை சிறிசு, வாய் அத்தனை காரம். வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்கிற வாய் பரீட்சைத் தாளில் மட்டும் எப்படித்தான் அடங்கிப் போகிறதோ, கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது. போதாக்குறைக்கு அந்த ஆசிரியை நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்: "பலகையைப் பார்த்து எழுதுவதில்லை. கண்ணைப் பரிசோதிக்கவும்." படித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு வேலையே கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பதுதான். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண். பிள்ளையின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் புதுச் சட்டை போட்ட கையோடு கடைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்கிறவள். அடியிலேயே சிவப்பு மையில் பதில் எழுதினாள்: "கண் பார்ப்பது என் தொழில். பார்வையில் குறையில்லை. பாடத்தை நீங்கள் கவனியுங்கள்." எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்து ரசிக்கவும் செய்தாள்.

இப்போது பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் ஆசிரியை. மிளகு நாலாவது வரிசையில் இருந்தாள். அம்மா பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியும். இரண்டு முறை திரும்பிப் பார்த்து, இரண்டு முறையும் சிரிக்காமல் திரும்பிக்கொண்டாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் நோட்டின் மேல் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு அதிலிருந்து எழுத ஆரம்பித்தாள். பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில், அம்மா உட்கார்ந்திருக்கும்போதே காப்பி! பக்கத்துப் பெண் எழுதி முடிக்காத இடத்தில் மிளகும் நிறுத்தினாள். அந்தப் பெண் பக்கம் புரட்டியதும் மிளகு வேறு வழியில்லாமல் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, ஆள்காட்டி விரலால் கண்ணோரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு.

அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் பார்க்கிற விரல் அது. வாசலில் நின்று பேருந்தின் எண்ணைப் படிக்க அப்படி இழுப்பார்கள். அவள் கல்லாவிலிருந்தே, "ஒண்ணரை பவர் இருக்கும்" என்று சொல்லிவிடுவாள், முதலாளி மெச்சிக்கொள்வார். அந்த விரல் தன் பிள்ளையின் கண்ணோரத்தில் இருந்தது. இருக்காது, வெயில் கூசுகிறது போலிருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மேகம் மூடிக்கிடந்தது.

தலைமையாசிரியை வருவதற்குள், மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய கடிதத்தை மட்டும் ஆசிரியையின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் மிளகை நேராகக் கடைக்குக் கூட்டிப்போனாள். திரைக்குப் பின்னால் ஒரு நீள அறை. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் உள்ளே விளக்கு வைத்த கண்ணாடிப் பெட்டி, அதில் மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே பொடியாக முடிகிற எழுத்துகள். அறைக்குள் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால்தான் அது தெளிவாகத் தெரியும். விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளையை உட்கார வைத்தாள். வலது கண்ணை அட்டையால் மூடினாள். எழுத்துகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவளுக்கு வேண்டியது பிள்ளையின் முகம். திரை ஓரமாக வந்த கடை வெளிச்சத்தில், கண் இடுங்குகிறதா, தலை சாய்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படி."

"ட. அடுத்தது ப, ய. அடுத்தது ம, ர, க..." மிளகு மூச்சு விடாமல் கடைசி வரிவரை சொன்னாள். கண் இடுங்கவில்லை. இடது கண்ணை மூடினாள். அதற்கும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள் அவள். பயந்தே செத்தேன், வெறும் காப்பிதான் அடித்திருக்கிறாள், கழுதை, வீட்டுக்குப் போனதும் இரண்டு போட வேண்டும் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

பெட்டி இருட்டாக இருந்தது. வந்த அவசரத்தில் அதன் விளக்கைப் போட மறந்திருந்தாள். அந்தக் கோடியில் ஒரு எழுத்தும் இல்லை. கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

அவள் போய்ப் பெட்டியின் விளக்கைப் போட்டாள். "அம்மா, சரியா சொல்லிட்டேன்ல?" என்று பின்னாலிருந்து மிளகு கேட்டாள்.

"எப்படிடி சொன்ன?"

"எல்லாரும் அதைத்தானம்மா சொல்வாங்க."

நாலு வயதிலிருந்து பள்ளி விட்டதும் மிளகு இந்தக் கடையில்தான் வளர்ந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, கையில் பொம்மை. திரைக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் யாராவது அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடை திறந்த நாளிலிருந்து ஒரே எழுத்துப் பலகை, ஒரே வரிசை.

"உனக்கு அங்க எழுத்து தெரியுதா, தெரியலையா? உண்மையச் சொல்லு."

மிளகு யோசித்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. "அங்க வெள்ளையா இருக்கும். பாக்கணுமா? சொல்லணும்னு நெனச்சேன். சரியா சொன்னவங்களுக்கு நீ 'நல்லா இருக்கு, போங்க'ன்னு சொல்வ. தப்பா சொன்னவங்களுக்குத்தான் கண்ணாடி மாட்டிவிடுவ. நான் ஒரு தடவகூட தப்பா சொன்னதில்லம்மா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அளவெடுக்கிற இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னாள். நாலு பிறந்த நாளும் அந்த இயந்திரத்தை அவள் தொடவில்லை, கடைசி வரிவரை கடகடவென்று படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு? காகிதத்தில் அச்சாகி வந்த எண்களைப் பார்த்தாள். வலது மைனஸ் மூன்றரை. இடது மைனஸ் மூன்றே முக்கால். இப்படிப்பட்ட கண்ணோடு யாராவது பெரியவர் கடைக்கு வந்தால், "இத்தனை நாள் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்பாள். முக்காலிக்கு அந்தப் பக்கம் ஓரடிக்கு மேல் இந்தப் பிள்ளைக்கு உலகம் பனிமூட்டம். டிவிக்குக் கிட்டப் போகாதே என்று எத்தனை முறை முதுகில் அடித்திருக்கிறாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கணவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது. அவர் மிளகைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டே, "அப்பா மூஞ்சி தெரியுதா? இப்போ? இப்போ?" என்று கேட்டார். கதவை எட்டுவதற்குள்ளேயே, "சட்டைதான் தெரியுதுப்பா" என்றாள் பிள்ளை. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மறுநாள் கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். அதே எண்கள்தான். புதன் ராத்திரிக்குள் கடையிலேயே கண்ணாடி தயாராகிவிட்டது. செய்தி கேட்ட நாத்தனார் போனில் துள்ளினாள்.

"நல்லதாப் போச்சு போ! புள்ளைக்கு மூளையில குறையில்ல, கண்ணுலதான்னு தெரிஞ்சிருச்சே. இனிமே இங்க வந்தா பிச்சு ஒதறுவா பாரு. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி, மறந்துடாத."

"சரி அண்ணி" என்றாள் அவள். நாத்தனார் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. பத்தொன்பது மதிப்பெண்ணுக்குக் காரணம் கண் என்றால், கண் சரியான பிள்ளையை நாற்பதாவது பள்ளியில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? அந்தப் பட்டியல் பொய்யில்லையே. மிளகின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் படிக்க வராது; அதை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். ஆனால் போவதற்கு முன்னால் அந்த ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தச் சிவப்பு மையை நினைத்தாலே உடம்பு கூசியது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் போனாள். ஆசிரியை நோட்டுகள் திருத்திக்கொண்டே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். குரல் கட்டியிருந்தது.

"டீச்சர், நீங்க எழுதி அனுப்பினது சரிதான். நான்தான் திமிரா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

ஆசிரியை பேனாவை மூடினார். கோபப்படவில்லை, பெருந்தன்மையாகச் சிரிக்கவும் இல்லை. "நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும். நீங்க எழுதினதப் படிச்சதும் எனக்கும் ரோஷம் வந்துருச்சு. எப்படியோ போங்கன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு ஆசிரியை, என்னவோ நினைவுக்கு வந்தவர் போல, "போன வருஷம் நீங்கதானே இங்க முகாம் போட்டீங்க?" என்று கேட்டார்.

ஆமாம், அவள்தான். கடை சார்பில் இலவசக் கண் பரிசோதனை. பள்ளி முழுவதையும் ஒரே நாளில் முடித்தாள்.

"இதே எழுத்துப் பலகைதானே கொண்டு வந்தீங்க?"

"ஆமா."

"பசங்கள வரிசையா நிக்க வெச்சோம். ஒருத்தர் படிக்கப் படிக்கப் பின்னாடி நிக்கிறவங்க கேட்டுட்டே இருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அத்தன புள்ளைங்களும் 'ட, ப, ய'ன்னு பாட்டு மாதிரி கத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. நாங்கெல்லாம் சிரிச்சோம்."

அந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. பிள்ளைகள் எத்தனை சமர்த்தாகப் படிக்கிறார்கள் என்று அன்று அவளும்தான் பூரித்துப் போனாள். முதல் பத்துப் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறினார்கள். போகப்போக வேகம் கூடியது. கடைசியில் நின்றவர்கள் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கினாள். தன் பிள்ளையை மட்டும் என்றால் எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். எதிரே இருந்த நோட்டுக் குவியலைப் பார்த்தாள். எத்தனை நோட்டுகள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவை?

"டீச்சர், நாளைக்கு நான் வரட்டுமா?" என்றாள். "எல்லாரையும் மறுபடி பாக்கறேன். வேற அட்டை இருக்கு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டலாம். மனப்பாடம் பண்ண முடியாது. ஒவ்வொருத்தரா, தனியா."

"வாங்க" என்றார் ஆசிரியை. "மாற்றுச் சான்றிதழும் நாளைக்கு ரெடியாயிடும்னு மேடம் சொன்னாங்க."

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒரு கையில் இயந்திரப் பெட்டியும் இன்னொரு கையில் மிளகின் கையுமாக வந்து சேர்ந்தாள். தோள்பையில் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. ஒன்று நாத்தனார் வீட்டு முகவரி எழுதிய படிவம்; அதில் கணவரும் நேற்று, "நீ எது சொன்னாலும் சரி, எனக்கு இப்ப ஒண்ணும் புரியல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்னொன்று போன வருட முகாமின் பெயர்ப் பட்டியல். வகுப்பு வகுப்பாக, பெயருக்கு நேரே அவள் கையெழுத்தில் குறிப்பு. அப்போது இரண்டாம் வகுப்பாக இருந்த இந்த வகுப்புக்கு முதல் பெயருக்கு நேரே 'குறையில்லை' என்று எழுதி, அடியில் எல்லாவற்றுக்கும் மேற்படி, மேற்படி என்று கடைசிவரை இரட்டைக் கோடு இழுத்திருந்தாள். நாற்பத்துமூன்று பெயர்.

வகுப்பின் பின்பக்கத்தில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டே மிளகைப் பார்த்தாள். பிள்ளைகள் அவள் கண்ணாடியை ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மிளகு யாருடனும் பேசவில்லை. சுவரைப் பார்த்தாள். கூரையில் மழைநீர் இறங்கிக் காய்ந்த கறையைப் பார்த்தாள். ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டிய அட்டையைப் பார்த்தாள். இத்தனை நாளாக உட்கார்ந்த இடத்தை, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி மூலை மூலையாகப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரிகிறது என்ற எண்ணமே அம்மாவுக்குப் பயமாக இருந்தது. தோள்பையில் போன் அதிர்ந்தது. நாத்தனாராகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

ஆசிரியை வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். தேதியை எழுதினார். வலது மூலையில், தினமும் எழுதுகிற இரண்டு வரியைச் சின்ன எழுத்தில் எழுதினார்.

மிளகு எழுந்து நின்றாள்.

"பதிவு நாப்பத்திமூணு" என்று சத்தமாகப் படித்தாள். "வருகை இருபத்தொம்பது."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. நாலாவது வரிசையிலிருந்து மிளகு பலகையைப் படிப்பதை அவர்கள் கேட்டதே இல்லை. ஆசிரியையின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மிஸ், மீதி பதினாலு பேர் எங்க மிஸ்?"

நோட்டில் எழுதாமல், விரல் விடாமல், மனசுக்குள்ளேயே கழித்துச் சொல்லிவிட்டாள் என்பது அம்மாவுக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது. ஆசிரியையின் சிரிப்பு நின்றுவிட்டது. "சிலர் இன்னிக்கு வரல" என்றார். சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "சிலர்... நின்னுட்டாங்கம்மா."

"ஏன் மிஸ்?"

"படிப்பு வரலன்னு வீட்டுல நிறுத்திட்டாங்க."

அம்மா பையிலிருந்து முகாம் பட்டியலை எடுத்துக் குனிந்து பார்த்தாள். பெயர்கள், பெயர்களுக்கு நேரே கடைசிவரை அவள் இழுத்த இரட்டைக் கோடு. இதில் எந்தப் பதினாலு என்று அவளுக்குத் தெரியவில்லை. போன் நின்று மறுபடி அதிர்ந்தது. மிளகு இன்னும் உட்காரவில்லை. மூக்கில் இறங்கிய புதுக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பெஞ்சுகளின் காலி இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.